மாதவிடாய் நிற்கும் வயதும் ஹார்மோன் மருந்தும்: நம் வீட்டுப் பெண்கள் அறிய வேண்டியவை



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் ஒரே மாதிரியான ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. அறுபதைத் தாண்டிய ஓர் உம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, அறுவை சிகிச்சைக்குப் பணம் வேண்டும். முடிந்ததைக் கொடுக்கிறோம், துஆச் செய்கிறோம். அப்படி வந்த ஒரு தாயாரின் பழைய சீட்டுகளைப் பார்த்தபோது, அவருக்கு 39 வயதிலேயே கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளும் அகற்றப்பட்டிருந்தது தெரிந்தது. அதன் பின் கால் நூற்றாண்டாக அவருடைய எலும்பைப் பற்றி ஒருவரும் அவரிடம் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை. "நமக்கு வயசாகுது, அவ்வளவுதானே" என்று இருந்துவிட்டார்.

இந்த மாதப் பாடத்தை அதற்காகவே எழுதுகிறோம். பெண்கள் தைக்காக்களிலும் வீடுகளிலும் உம்மாவும் மகளும் சேர்ந்து வாசிக்கலாம். ஆண்கள் வாசித்தாலும் நல்லதே.

1. உடலில் என்ன நடக்கிறது?

தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராமலிருந்தால் அது நின்றுவிட்டதாக மருத்துவர்கள் கொள்கிறார்கள். மேலை நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 51 வயதில் நிற்கிறது. நம் நாட்டில் 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. 45-க்கு முன் நின்றால் சீக்கிரம்; 40-க்கு முன் நின்றால் மிகவும் சீக்கிரம். இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் எந்த வயதானாலும் அன்றைக்கே நின்றுவிடும்.

சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதுதான் காரணம். முகமும் கழுத்தும் திடீரெனச் சூடேறி வியர்த்துக் கொட்டும். இரவில் தூக்கம் கலையும். காரணமில்லாமல் எரிச்சலும் அழுகையும் வரும். பிறப்புறுப்பு வறண்டு இல்லற வாழ்வில் வலி உண்டாகும். அடிக்கடி சிறுநீர்க் கடுப்பு வரும். வெளிநாட்டிலிருந்து போனில் பேசும் கணவருக்கு, "இவளுக்கு என்ன ஆயிற்று, முன்பு இப்படி இல்லையே" என்று தோன்றும். அது அவருடைய குணமாற்றம் அல்ல, உடலின் மாற்றம்.

இவையெல்லாம் வெளியே தெரிபவை. எலும்பில் நடப்பது வெளியே தெரியாது. நம் எலும்பு ஒருபுறம் கரைந்துகொண்டும் மறுபுறம் புதிதாக வளர்ந்துகொண்டும் இருக்கிறது. கரைவதைக் கட்டுக்குள் வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன். அது குறைந்ததும் கரைவது வேகமெடுக்கிறது. மாதவிடாய் நின்ற முதல் 5 முதல் 7 ஆண்டுகளில்தான் இழப்பு அதிகம். வலி ஏதும் இராது. ஒருநாள் விழுந்து எலும்பு முறியும்போதுதான் தெரியவரும்.

2. ஹார்மோன் சிகிச்சை என்பது என்ன?

குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை மருந்தாகக் கொடுப்பதே இது. மாத்திரையாகவும், தோலில் தடவும் ஜெல்லாகவும், ஒட்டும் பட்டையாகவும், வறட்சிக்கு மட்டும் உள்ளே தடவும் கிரீமாகவும் கிடைக்கிறது. உடல் சூட்டையும் இரவு வியர்வையையும் அடக்க இதைவிடப் பயனுள்ள மருந்து வேறில்லை. எடுத்துக்கொள்ளும் காலம்வரை எலும்பு கரைவதையும் தடுக்கும். நிறுத்திய பிறகு அந்தப் பாதுகாப்பு மெல்லக் குறையும்.

ஒரு விதியை மறக்கக் கூடாது. கர்ப்பப்பை உள்ள பெண் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக உட்கொள்ளக் கூடாது. கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்து அங்கே புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். அதைத் தடுக்க புரோஜெஸ்டிரான் வகை மருந்தைச் சேர்த்தே தருவார்கள். கர்ப்பப்பை எடுத்தவருக்குப் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். ஆகவே பக்கத்து வீட்டு ராத்தாவுக்கு எழுதிய மாத்திரை நமக்குப் பொருந்தாது. அவருக்குக் கர்ப்பப்பை இல்லாமலிருக்கலாம், நமக்கு இருக்கிறது.

ஹார்மோன் மாத்திரை நம் குடும்பங்களுக்குப் புதியதும் அல்ல. ஹஜ், உம்ராவின்போது மாதவிடாயைத் தள்ளிப்போட நம் பெண்கள் சாப்பிடும் நோரெதிஸ்டிரோன் மாத்திரையும் ஒரு ஹார்மோன்தான். ஆனால் அது எலும்புக்கோ உடல் சூட்டுக்கோ உரிய மருந்து என்று எண்ணி மீதமிருப்பதை எடுத்துச் சாப்பிடக் கூடாது.

3. "புற்றுநோய் வருமாமே?"

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வோம். அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வு 2002 ஜூலையில் பாதியில் நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரான் வகை மருந்தும் சேர்ந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடியது என்ற செய்தி உலகமெங்கும் பரவியது. கோடிக்கணக்கான பெண்கள் பயந்துபோனார்கள்.

கணக்கைப் பாருங்கள். மாத்திரை சாப்பிடாத 10,000 பெண்களில் ஓர் ஆண்டில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. சாப்பிட்டவர்களில் 38 பேருக்கு. அதாவது பத்தாயிரத்தில் 8 பேர் கூடுதல். பக்கவாதம் 21-லிருந்து 29 ஆனது. இடுப்பெலும்பு முறிவோ 15-லிருந்து 10 ஆகக் குறைந்தது. ஆபத்து உண்டு, ஆனால் சிறியது, பயனும் உண்டு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தப் பெண்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆன பிறகே பெரும்பாலோர் மருந்தைத் தொடங்கினார்கள். கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த இன்னொரு பிரிவில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. 18 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2017-இல் வெளியிட்ட முடிவில், மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் மொத்த மரண எண்ணிக்கையில் வேறுபாடு காணப்படவில்லை. இதையெல்லாம் எடைபோட்டு மருத்துவர்கள் இன்று சொல்வது: 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுகளுக்குள் தொடங்கும் உடல்நலமுள்ள பெண்ணுக்கு, தொந்தரவு கடுமையாக இருந்தால், பெரும்பாலும் நன்மையே மிகுதி.

4. யாருக்கு அவசியம்? யாருக்குக் கூடாது?

40, 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்களும், இளம் வயதில் இரண்டு சினைப்பைகளும் எடுக்கப்பட்டவர்களும் கட்டாயம் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்க வேண்டும். தடை ஏதும் இல்லாவிட்டால், இயல்பாக நிற்கும் வயதுவரையிலாவது ஹார்மோன் எடுப்பது அவர்களின் எலும்புக்கும் இதயத்துக்கும் காவல்.

கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். 2019-இல் மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் சுமார் 82 ஆயிரம் பேரிடம் விசாரித்ததில், 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கர்ப்பப்பையை இழந்திருந்தது தெரிந்து நாடே அதிர்ந்தது. தேவையற்ற கர்ப்பப்பை அறுவைகளைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை நடைமுறைப்படுத்துமாறு 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. எனவே இரண்டாவது மருத்துவரிடமும் கருத்துக் கேளுங்கள். "சினைப்பையையும் எடுக்கிறீர்களா? ஏன்?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அறுவைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர்கள், மாரடைப்பு அல்லது பக்கவாதம் கண்டவர்கள், கடுமையான கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்கள் ஆகியோருக்கு இம்மருந்து பொதுவாகக் கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தம் உறையும் ஆபத்து, மாத்திரையைவிடத் தோலில் தடவும் ஜெல்லில் குறைவு.

5. மார்க்கம் சார்ந்த சந்தேகங்கள்

"இந்த மாத்திரை ஹலாலா?" என்று சகோதரிகள் கேட்பது நியாயமான கேள்வி. பழைய வகை ஈஸ்ட்ரோஜன் ஒன்று, சினையுற்ற குதிரையின் சிறுநீரிலிருந்து எடுக்கப்படுவது. மேலே சொன்ன அமெரிக்க ஆய்வில் பயன்பட்டதும் அதுவே. ஆனால் இன்று கிடைக்கும் எஸ்ட்ராடியோல் என்ற வகை, சோயா, காட்டுவள்ளி போன்ற தாவரங்களிலிருந்து எடுத்த மூலப்பொருளைக் கொண்டு செய்யப்படுகிறது. "எனக்குத் தாவர மூலத்தில் செய்த எஸ்ட்ராடியோல் தாருங்கள்" என்று மருத்துவரிடம் வெட்கமின்றிக் கேட்கலாம். புரோஜெஸ்டிரான் சில சமயம் ஜெலட்டின் உறையில் வரும். அதே வேலையைச் செய்யும் டைட்ரோஜெஸ்டிரோன் மாத்திரை வடிவில் உள்ளது. மாற்று இருக்கிறது என்பதால், ஹராம் என்று எண்ணிச் சிகிச்சையையே விட்டுவிட வேண்டியதில்லை.

நோன்புக் காலத்தில் ஒருவேளை மாத்திரையை ஸஹரிலோ இஃப்தாருக்குப் பின்போ எடுக்கலாம். உள்ளே வைக்கும் கிரீமை இரவில் வைத்துக்கொள்ளுங்கள். கையில் தடவும் ஜெல் தோலில் இறங்கச் சற்று நேரமாகும். உடனே கழுவக் கூடாது. இஷா தொழுத பின் தடவினால் ஒளுவுக்கு இடைஞ்சல் இராது.

6. நின்ற பின் வரும் உதிரம்

இந்தப் பாடத்தில் மிக முக்கியமானது இதுதான். ஓராண்டு நின்றுபோன பிறகு மீண்டும் உதிரம் கண்டால், நம் பெண்கள் முதலில் ஆலிமாவிடம் ஓடுகிறார்கள். "இது ஹைளா, இஸ்திஹாளாவா? தொழலாமா?" என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் பதில் கிடைத்ததும் விஷயம் முடிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள். தொழுகைக்குரிய சட்டம் கிடைத்துவிட்டது. உதிரத்துக்குக் காரணம் கிடைக்கவில்லையே! ஒரு சொட்டாக இருந்தாலும், வலியே இல்லாவிட்டாலும், மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். பலருக்கு அது சாதாரண வறட்சியாக இருக்கும். சிலருக்கு கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாக இருக்கும். அந்த நிலையில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம்.

எங்கள் ஆலிமாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: சட்டம் சொல்லும் அதே நேரத்தில் "நாளைக்கே டாக்டரைப் பாருங்கள்" என்றும் சொல்லுங்கள். உங்கள் ஒரு சொல் ஓர் உயிரைக் காக்கலாம்.

7. நம் அடுக்களையும் முற்றமும்

ஹார்மோன் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் எலும்புக்கு மூன்று தேவை: கால்சியம், வைட்டமின் டி, உடலுழைப்பு.

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை என்கிறது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். ஒரு தம்ளர் பாலில் ஏறக்குறைய 240, நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 இருக்கிறது. முருங்கைக்கீரை, எள், முள்ளோடு தின்னும் நெத்திலி எல்லாம் நம் ஊரிலேயே மலிவாகக் கிடைப்பவை. கருவாடு மட்டும் உப்பு மிகுந்தது, அளவோடு போதும். நம் முன்னோர் முத்துக் குளித்தெடுத்த சிப்பியும் சங்கும் கால்சியம் கார்பனேட்தான். கடையில் விற்கும் பல கால்சியம் மாத்திரைகளிலும் அதே பொருள்தான் இருக்கிறது. ஆனால் மாத்திரையை மட்டும் விழுங்கிப் பயனில்லை. வைட்டமின் டி இல்லாமல் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது.

தூத்துக்குடியின் உப்பளங்களைக் காய வைக்கும் வெயில் நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் நம் பெண்களின் தோலில் அது படுவதில்லை. அந்நியர் பார்வை படாத முற்றத்திலோ மறைப்புள்ள மொட்டைமாடியிலோ, காலை 10 முதல் பிற்பகல் 3 மணிக்குள், கை கால்களில் 15, 20 நிமிடம் வெயில் படட்டும். அப்படியே தஸ்பீஹ் ஓதியபடி நடந்தால் நடைப்பயிற்சியும் ஆயிற்று. குளியலறையில் பிடிமானக் கம்பியும் வழுக்காத மிதியடியும் வைக்கக் கணவரிடமோ பிள்ளைகளிடமோ சொல்லுங்கள். அறுவை சிகிச்சைச் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

65 வயதானவர்கள், சிறு விழுதலிலேயே எலும்பு முறிந்தவர்கள், சீக்கிரம் மாதவிடாய் நின்றவர்கள், நீண்டகாலம் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள் எலும்பின் அடர்த்தியைக் காட்டும் டெக்ஸா ஸ்கேன் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு எலும்புக்காக மட்டும் ஹார்மோனைப் புதிதாகத் தொடங்குவது வழக்கமில்லை. அதற்கு வேறு மருந்துகள் உள்ளன.

8. மருத்துவரிடம் போகும்போது

நான்கு விவரங்களை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்: எந்த வயதில் மாதவிடாய் நின்றது, கர்ப்பப்பையும் சினைப்பையும் இருக்கின்றனவா, குடும்பத்தில் மார்பகப் புற்றுநோயோ ரத்தம் உறைதலோ உண்டா, இப்போது சாப்பிடும் மருந்துகள் என்ன. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பெண்கள் நோய்ப் பிரிவு உண்டு. அங்கே காட்ட வசதியை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

காயல்பட்டினம் போன்ற நம் ஊர்களில் திருமணமான மகளும் உம்மா வீட்டிலேயே வாழ்கிறாள். இது நமக்குக் கிடைத்த பெரிய வசதி. நள்ளிரவில் உம்மா எழுந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பதை மகளால் பார்க்க முடியும். பார்த்தால், இன்றைக்கே ஒரு வார்த்தை கேளுங்கள்: "உம்மா, என்ன செய்யுது?"

வல்ல அல்லாஹ் நம் தாய்மார்களுக்கு நலத்தையும் பலத்தையும் தருவானாக. ஆமீன்.

வீட்டில் பேசிப் பார்க்க:
உங்கள் உம்மாவுக்கு எந்த வயதில் மாதவிடாய் நின்றது என்று உங்களுக்குத் தெரியுமா?
நேற்று உங்கள் சாப்பாட்டில் கால்சியம் எதிலிருந்து கிடைத்தது?
உங்கள் குளியலறையில் ஒரு வயதான பெண் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?