குகையைத் திறப்பதும் அடைப்பதும்

சென்ற டிசம்பர் 6-ஆம் நாள், பாபாசாகேப் அம்பேத்கரின் பரிநிர்வாண தினத்தை முன்னிட்டு, நஞ்சன்கூட்டிலிருந்து மும்பை தாதர் சைத்திய பூமிக்குச் சென்று மீண்ட இளைஞர் சிலர், ஞாயிறு வகுப்பில் ஒரு வினா எழுப்பினர். அம்மாநகரின் நடுவே பௌத்தக் குகைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றன் வாயிலில் கம்பிக் கதவும் பூட்டும் கண்டோம். நம் முன்னோர் தியானித்த இடத்தை நமக்கே பூட்டி வைப்பது முறையா? பூட்டை நீக்கி விளக்கேற்றி வழிபடுவதன்றோ பௌத்தர் கடமை? இதுவே வினா. அவர்தம் கொதிப்பை யான் குறைகூறேன். கோயில் வாயிலில் தடுக்கப்பட்டோரின் பேரப்பிள்ளைகளுக்குப் பூட்டைக் கண்டவுடன் நெஞ்சு எரிதல் இயல்பே. ஆயினும் எரியும் நெஞ்சோடு தீர்ப்புச் சொல்லலாகாது. விநயம் யாது கூறுகிறதென்று முதலில் காண்போம்.

பகவான் பிக்குகளுக்கு அனுமதித்த ஐவகை உறையுள்களுள் குகையும் ஒன்று. இது சுல்லவக்கத்தின் ஆறாம் பகுதியில் உள்ளது. எட்டாம் பகுதியோ, உறையுளுக்கு வருவோரும் அதை விட்டுப் போவோரும் செய்யவேண்டிய கடமைகளை விரிக்கின்றது. ஆளில்லா விஹாரத்தை அடையும் பிக்கு உடனே உட்புகலாகாது. கதவைத் தட்டி, சற்றே காத்திருந்து, தாழை நீக்கித் திறந்து, வெளியே நின்றபடியே உள்ளே நோக்கவேண்டும். பின்னரே கூட்டித் துடைத்தல். விட்டுச் செல்லும் பிக்குவோ மரப்பொருள், மட்பொருள்களை ஒழுங்குபடுத்தி, கதவும் சன்னலும் அடைத்து, அவ்விடத்தை வேறொரு பிக்குவிடமோ, சாமணேரரிடமோ, ஆராமப் பணியாளரிடமோ ஒப்புவித்தே செல்லவேண்டும். ஆகவே திறப்பதும் தம்மமே, அடைப்பதும் தம்மமே. தட்டாமற் திறப்பதும் ஒப்புவியாமல் அடைப்பதுமே பிழை.

கோலார் தங்கவயலில் உழைத்துக்கொண்டே தமிழ்ப் பௌத்தம் வளர்த்த நம் பெரியோருக்கு இது புதிதன்று. நெடுநாள் அடைபட்ட சுரங்க வழியில் கால் வைக்குமுன் விளக்கை நீட்டி, சுடர் மங்குகிறதா என்று பார்ப்பது சுரங்கத் தொழிலின் பழைய வழக்கம். அதுவும் ஒருவகைக் கதவு தட்டலே.

ஒப்புவியாமல் அடைத்ததன் விளைவைச் சீன நாட்டுத் துன்ஹுவாங்கில் காணலாம். அங்குள்ள மோகாவ் குகைகளுள் சிறு அறையொன்றில் பல்லாயிரம் சுவடிகளையும் பட்டுச் சித்திரங்களையும் அடுக்கி, 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவரெழுப்பி அடைத்தனர். பூசிய சுவரின்மேல் சித்திரமும் தீட்டப்பட்டமையால் அறை இருப்பதே மறந்துபோயிற்று. பாலைவனத்து வறண்ட காற்று ஏறக்குறைய 900 ஆண்டுகள் அவற்றைக் காத்தது. 1900-இல் வாங் யுவான்லு என்னும் தாவோ மதத் துறவி அதனைக் கண்டு திறந்தார். 1907-இல் ஸ்டைனும் 1908-இல் பெல்லியோவும் வந்து, சிறு தொகை கொடுத்துப் பெருந்தொகுதிகளை எடுத்தேகினர். 868-ஆம் ஆண்டில் அச்சிட்ட வஜ்ரச்சேதிக சூத்திரம் இன்று இலண்டனில் இருக்கிறது. அடைத்தவர் எவரிடமும் ஒப்புவிக்கவில்லை. திறந்தவருக்குத் துணைநிற்கச் சங்கமும் இல்லை. ஆயினும் அவ்வறை திறவாதே இருந்திருப்பின், அச்சூத்திரத்தைக் கண்ணாற் காண்பாரும் இரார். இதனையும் மறைத்தலாகாது.

நிற்க. பூட்டுப் போடுவோர் எல்லாரும் பகைவர் அல்லர் என்பதற்குப் பிரான்சு நாட்டு லாஸ்கோ குகை சான்று. அது பௌத்தக் குகையன்று. 17,000 ஆண்டுகட்கு முற்பட்ட வேட்டை மாந்தர் தீட்டிய விலங்குச் சித்திரங்கள் நிறைந்தது. 1940-இல் கண்டறிந்து 1948-இல் மக்களுக்குத் திறந்துவிட்டனர். நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் புகுந்தனர். அவர்கள் விட்ட மூச்சின் ஈரமும் கரியமில வாயுவும், உள்ளே எரிந்த விளக்கின் ஒளியும் சேர்ந்து சுவரில் பச்சைப் பாசி படர்ந்தது. 1963-இல் மூடினர். அங்கு எவரும் சித்திரத்தைத் தொட்டுக் கெடுக்கவில்லை; அன்போடு பார்த்தே கெடுத்தனர். மூடியதோடும் நோய் ஒழியவில்லை: 2001-இல் வெண்பூஞ்சை தோன்றிப் பரவியது. காரணம் அறியாது போட்ட பூட்டு மருந்தாகாது.

ஈரத்தின் வலிமையை யான் நூலிற் கற்றதினும் நூற்பாலையிற் கற்றதே மிகுதி. இழை அறாதிருக்கக் கூடத்துக் காற்றில் நீர்த்திவலை தூவுவோம். சுவரில் தொங்கும் ஈரமானியைப் பார்த்தே மேஸ்திரி ஆணையிடுவார். இழைக்கு உயிர் தரும் அவ்வீரமே குகைச் சுவருக்கு நஞ்சு. சுவரினுள் உறையும் உப்பு ஈரத்தில் கரைந்து, காய்கையில் மீண்டும் படிகமாகித் தள்ள, சித்திரம் செதிலாய் உதிரும். ஆதலின் மோகாவில் காற்றின் ஈரம் நூற்றுக்கு 62-ஐக் கடக்குமாயின் குகையை அடைத்துவிடுகின்றனர், தணிந்தபின் திறக்கின்றனர். காரணம் கண்டு அடைத்து, காரணம் நீங்கியபின் திறப்பது. பகவான் போதித்த காரண காரியம் இதுவன்றோ! இதற்கு மாறாக, நம் அஜந்தாவில் 1920-க்குப் பின் இத்தாலியர் இருவர் சித்திரங்களைக் காக்கப் பூசிய அரக்கு மெருகு நாளடைவில் மஞ்சளித்து, காக்க வந்ததே மறைப்பாயிற்று.

இனி மும்பைக்கு வருவோம். கான்ஹேரியில் நூற்றுக்கு மேற்பட்ட குகைகள். பெரும்பாலானவை சித்திரமற்ற கருங்கல் அறைகள். அங்கே பகலில் மக்கள் சென்று அமர்வதால் சுவர் உதிராது. ஆகலின் திறந்திருத்தலே தகும். ஆயினும் விளக்கும் ஊதுவத்தியும் வேண்டா. புகைக்கரி கல்வெட்டின் எழுத்தை மூடும். அந்தேரியிலுள்ள கோண்டிவிடே குகைகளைச் சுற்றிலும் நகரம் நெருங்கிவிட்டது. மேற்பாறை வெடித்து மழைநீர் கசியும் குகைக்குக் கம்பிக் கதவு வேண்டும். செங்கற் சுவர் கூடாது. கம்பி காற்றை விடும், வௌவாலை விடும், வெளியே நின்று நோக்குவாரையும் விடும். சுவரோ ஈரத்தை உள்ளே சிறைவைத்து, குகையை மறதிக்கும் கொடுத்துவிடும்.

கடினமானது போரிவலியின் மாகாத்தானே. அங்குக் குகைகளை ஒட்டியே ஏழைகளின் வீடுகள் எழுந்துள்ளன. அவர்களைத் துரத்திவிட்டுக் குகையை மீட்போம் என்று நம்மவர் ஒருவர் உரைத்தபோது யான் உடன்படவில்லை. கோபத்தால் ஒரு பிக்குவை விஹாரத்தினின்று வெளியேற்றுவதும் குற்றமென்று விநயம் விதித்திருக்க, பிள்ளைகுட்டியோடு இருப்பாரைத் தெருவில் தள்ளிப் பகவானுக்கு இடம் தேடுவது எங்ஙனம்? முதலில் அருகிலேயே அவர்களுக்கு வீடு. அடுத்துக் கழிவுநீர் பாறையில் தேங்காதவாறு வடிகால். அதன் பின்னரே வேலி. இவ்வரிசை மாறலாகாது. காலம் நீளும் என்பதை அறிவேன்.

இத்தனையும் சொல்லி, அவ்விளைஞரை யான் ஒன்று வினவினேன்: அக்கதவில் யாது எழுதியிருந்தது? ஒருவரும் பார்க்கவில்லை. ஏன் அடைத்தனர், எந்நாள் அடைத்தனர், எவர் பொறுப்பு, மீண்டும் எப்போது ஆராய்வர் என்று பலகையில் இருப்பின், அது ஒப்புவித்து அடைத்த கதவு. இல்லையேல், எழுதுமாறு தொல்லியல் துறையின் மும்பை அலுவலகத்தைக் கேட்பது நம் உரிமை. வருகிற டிசம்பரில் செல்வோர் குறிப்பேடும் எழுதுகோலும் கொண்டு சென்று, கதவு கதவாகப் பார்த்து எழுதி வருக; சங்கத்தின் பெயரால் விண்ணப்பம் அனுப்புவோம். கான்ஹேரி மூன்றாம் குகையின் சைத்தியத்தில் விளக்கின்றிச் சிறிதுநேரம் மௌனமாக அமர்ந்து வருக. திங்கட்கிழமை அங்கு விடுமுறை. அதற்கேற்ப நாளை வகுத்துக்கொள்க.