யின்–யாங்: கறுப்பு கெட்டதல்ல, வெள்ளை நல்லதுமல்ல

வட்டத்துக்குள் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மீன்கள். டி-ஷர்ட், சாவிக்கொத்து, பச்சை குத்தும் கடை, யோகா வகுப்பு விளம்பரம் என்று இந்தச் சின்னத்தைப் பார்க்காத இடமில்லை. அடிக்கடி பார்ப்பதாலேயே அதன் பொருளும் தெரியும் என்று நினைத்துவிடுகிறோம். யின்–யாங் பற்றி உலவும் நம்பிக்கைகள் சிலவற்றைச் சீன நூல்களோடும் வரலாற்றோடும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: யாங் என்பது நன்மை, யின் என்பது தீமை. இரண்டுக்கும் ஓயாத போர்.

உண்மை: ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான போர், கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் மானி என்பவர் பரப்பிய மதத்தின் கொள்கை. யின்–யாங்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. மலையில் வெயில் படும் சரிவு யாங், நிழல் விழும் சரிவு யின், இதுதான் தொடக்கம். பிறகு பகல், வெப்பம், அசைவு ஆகியவை யாங் பக்கமும், இரவு, ஈரம், ஓய்வு ஆகியவை யின் பக்கமும் சேர்ந்தன. எது மிஞ்சினாலும் கேடுதான். ஹான் அரசமரபுக் கால அறிஞர் டோங் சோங்ஷு, வறட்சியை யாங் மிஞ்சியதன் விளைவாகவும் பெருமழையை யின் மிஞ்சியதன் விளைவாகவும் கண்டார். மழை வேண்டிச் செய்த சடங்கில் யாங்கின் திசையான தெற்கு வாயிலை அடைத்து, யின்னின் திசையான வடக்கு வாயிலைத் திறந்துவைப்பார்கள். யின் தீமையென்றால் அதை வரவேற்க வாயிலைத் திறப்பார்களா?

நம்பிக்கை 2: யின்–யாங்கைக் கண்டுபிடித்தவர் லாவோ ட்சு. அது தாவோயிசத்தின் தனிச்சொத்து.

உண்மை: லாவோ ட்சுவின் பெயரில் வழங்கும் ‘தாவோ தே ஜிங்’ நூலில் 81 அத்தியாயங்கள். யின்னும் யாங்கும் இடம்பெறுவது அவற்றில் ஒன்றே ஒன்றில், 42-ஆவதில் மட்டும். இந்தக் கருத்தைப் பெரும் கோட்பாடாக வளர்த்தவர்களில் முக்கியமானவர் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் சி நாட்டில் வாழ்ந்த சோவ் யென். கி.மு. 110-இல் இறந்த வரலாற்றாசிரியர் சிமா டான், சீனச் சிந்தனையை ஆறு பள்ளிகளாகப் பிரித்தபோது யின்–யாங் பள்ளியைத் தாவோ பள்ளியிலிருந்து தனியாகவே எண்ணினார். கன்பூசியர்கள், மருத்துவர்கள், நாள்காட்டி கணித்தவர்கள் எல்லோரும் இதைக் கையாண்டார்கள். தாவோயிசமும் பொதுக் களஞ்சியத்திலிருந்துதான் எடுத்துக்கொண்டது.

நம்மூரில் சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், லாவோ ட்சுவே நம் போகர் சித்தர்தான் என்பார்கள். ‘தாவோ தே ஜிங்’ பகுதிகள் எழுதப்பட்ட மூங்கில் ஏடுகள் குவோதியன் என்ற இடத்தில் 1993-இல் கிடைத்தன. அவற்றின் காலம் ஏறத்தாழ கி.மு. 300. போகர் பெயரில் வழங்கும் பாடல்களின் தமிழோ அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியது.

நம்பிக்கை 3: இரட்டை மீன் சின்னம் பல்லாயிரம் ஆண்டுப் பழமையானது.

உண்மை: கருத்து பழையது, படம் அவ்வளவு பழையதல்ல. சோங் அரசமரபுக் காலத்தில் சோவ் துன்யி (1017–1073) விளக்கிய புகழ்பெற்ற படத்தில் மீன்கள் இல்லை. வட்டங்கள் மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டிருக்கும். இன்றைய வடிவத்தை ஒத்த படங்கள் மிங் அரசமரபுக் கால நூல்களில்தான் தெளிவாகத் தென்படுகின்றன; சாவ் ஹுய்ச்சியன் (1351–1395) பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் படம் அவற்றில் ஒன்று. ஆகவே லாவோ ட்சு இந்தச் சின்னத்தைப் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ரோமப் பேரரசின் பிற்காலப் படைப் பிரிவுகளைப் பட்டியலிடும் ஆவணம் ஒன்றில் ஏறத்தாழ இதே வடிவம் ஒரு கேடயத்தில் வரையப்பட்டிருக்கிறது. அதற்கும் சீனத் தத்துவத்துக்கும் தொடர்பிருப்பதாகச் சான்றில்லை.

நம்பிக்கை 4: சில பொருள்கள் எப்போதும் யின், சில எப்போதும் யாங்.

உண்மை: எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து மாறும். சீனாவில் சூரியன் தெற்கு வானில் சாய்ந்து செல்வதால் மலையின் தெற்குச் சரிவில் வெயில் விழும், அது யாங். ஆற்றுக்கோ வடகரைதான் தெற்கு நோக்கியிருக்கும். அங்கே வடகரை யாங். லுவோ ஆற்றின் வடகரை ஊரான லுவோயாங் பெயர் பெற்றது இப்படித்தான். பழைய மருத்துவ நூலான ‘ஹுவாங்தி நெய்ஜிங்’ உடலையும் இவ்வாறே பார்க்கிறது. முதுகு யாங், வயிறு யின். யாங்குக்குள்ளும் யின் உண்டு: இதயத்தை யாங்குக்குள் யாங் என்றும், நுரையீரலை யாங்குக்குள் யின் என்றும் அந்நூல் வகுக்கிறது. ஆணோ பெண்ணோ, ஓர் உடலுக்குள் இரண்டும் இருக்கின்றன.

நம்பிக்கை 5: சமநிலை என்றால் பாதிக்குப் பாதி. அந்த நிலையை எட்டி, அப்படியே நிற்க வேண்டும்.

உண்மை: பலரும் வழுக்கி விழும் இடம் இதுதான். சீன மரபு யின்–யாங்கை ஓர் அளவாகப் பார்ப்பதைவிட ஓர் ஓட்டமாகவே பார்த்தது. சீனரின் பழைய குறிசொல்லும் நூலான ‘யி ஜிங்’கில், யின், யாங் கோடுகள் ஆறு அடுக்கிய குறிகளில் பன்னிரண்டை ஹான் கால அறிஞர்கள் பன்னிரண்டு மாதங்களோடு பொருத்தினார்கள். ஆண்டின் மிக நீண்ட இரவு வரும் மாதத்துக்குரிய குறியில் ஐந்து யின் கோடுகளின் அடியில் ஒரே ஒரு யாங் கோடு. கடுங்குளிர் அதற்குப் பிறகுதான் வரும். ஆனாலும் யாங் பிறந்துவிட்டது. மாதத்துக்கு ஒரு கோடாக யாங் ஏறி, ஆறும் நிரம்பிய அடுத்த மாதமே அடியில் ஒரு யின் கோடு முளைக்கிறது. உச்சம் தொட்டதும் இறக்கம் தொடங்கிவிடும்.

பன்னிரண்டில் மூன்றுக்கு மூன்று என்று சரிபாதியாக நிற்கும் குறிகள் இரண்டே. ஒன்றின் பெயர் தாய். செழிப்பையும் அமைதியையும் குறிக்கும் நற்குறி. மற்றதன் பெயர் பி. தேக்கத்தையும் அடைப்பையும் குறிக்கும் தீக்குறி. கோடுகளின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் பலன் ஏன் வேறு? மூன்று யாங் கோடுகள் வானத்தையும் மூன்று யின் கோடுகள் பூமியையும் குறிக்கும். தாய் குறியில் வானம் கீழே, பூமி மேலே. வானத்தின் இயல்பு எழுவது, பூமியின் இயல்பு இறங்குவது. அதனால் இரண்டும் நடுவில் கலக்கின்றன. பி குறியில் வானம் மேலே, பூமி கீழே. ஒன்று மேலும் எழ, மற்றது மேலும் இறங்க, இரண்டும் விலகிப் போகின்றன. சரிபாதியாக இருந்தும் கலக்காவிட்டால் அது தேக்கம்தான்.

தாவோயிசத்துக்குள்ளும் பாதிக்குப் பாதி என்ற பிடிவாதம் இல்லை. ‘தாவோ தே ஜிங்’ நீர், தாழ்வு, மென்மை, பெண்மை ஆகியவற்றின் பக்கமே வெளிப்படையாகச் சாய்கிறது. நேர்மாறாக, 11-ஆம் நூற்றாண்டில் சாங் போதுவான் போன்றோர் எழுதிய உள்ரசவாத மரபில், உடலிலுள்ள யின்னைக் கரைத்துத் ‘தூய யாங்’ ஆவதே சாதகனின் இலக்கு. தாவோயிச மரபு போற்றும் எட்டு அமரர்களில் ஒருவரான லு டோங்பினுக்கே தூய யாங் என்ற சிறப்புப் பெயர் உண்டு.

நம்பிக்கை 6: யின்–யாங் ஆண்–பெண் சமத்துவத்தைச் சொன்ன தத்துவம்.

உண்மை: ஒன்றில்லாமல் மற்றது இல்லை என்றது; இரண்டும் சமம் என்று எல்லோரும் சொல்லவில்லை. அதே டோங் சோங்ஷு யாங்கை உயர்வாகவும் யின்னைத் தாழ்வாகவும் வைத்து, அரசன்–அமைச்சன், தந்தை–மகன், கணவன்–மனைவி உறவுகளுக்கு அந்தப் படிநிலையைப் பொருத்தினார். கி.பி. 100-ஐ ஒட்டி வாழ்ந்த பெண் அறிஞர் பான் சாவ், பெண்களுக்கான அறிவுரை நூலில், யாங்குக்கு உறுதி, யின்னுக்கு மென்மை என்று சொல்லிப் பெண்ணுக்குப் பணிவை விதித்தார். இந்த வரலாற்றை மறைத்துவிட்டுச் சமத்துவ முத்திரை குத்துவது நேர்மையல்ல.

நம்பிக்கை 7: ‘யின் யோகா’ பழங்காலச் சீனப் பயிற்சி.

உண்மை: அமெரிக்காவில் பாலி சிங்க் 1970-களின் இறுதியில் கற்பிக்கத் தொடங்கியது இது. பால் கிரில்லி போன்றோர் அதைப் பரப்பினார்கள். பயிற்சியாக அது பலருக்கு உதவலாம். பழமை என்ற சான்றிதழ் அதற்குப் பொருந்தாது.

மேலே கண்ட தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றே: ஓடிக்கொண்டிருப்பதைப் பிடித்து நிறுத்திப் பெயர்ப்பலகை மாட்டுவது. இது யின் உணவு, அது யாங் குணம், இவ்வளவு இருந்தால் சமநிலை என்று யாராவது உங்களிடம் விற்க வந்தால் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எதோடு ஒப்பிட்டு? எந்தப் பருவத்தில்? இவற்றுக்குப் பதில் சொல்லாதவர் யின்–யாங் பற்றிப் பேசவில்லை, சரக்கு விற்கிறார்.