குறைந்த விலைக்காரரே திறமைசாலியா?

கோயம்புத்தூர்ப் பம்ப்செட் தொழிலில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும், "ரேட்டை எவர் குறைத்துப் போடுகிறாரோ அவரே நல்ல சப்ளையர்" என்னும் வார்த்தை வேத வாக்கியம் போல் வந்து விழுகிறது. படித்துப் பட்டம் பெற்ற கொள்முதல் அதிகாரிகளும் இதை ஆட்சேபிக்காமல் தலையாட்டுவதை என்னால் சகிக்க முடியவில்லை.

ஒரு ஃபவுண்டரி வார்ப்படத்தை 100 ரூபாய்க்கும் மற்றொன்று 108 ரூபாய்க்கும் தருவதாகவும், ஒவ்வொன்றையும் லேத்தில் கடைய 150 ரூபாய் கூலி ஆவதாகவும் வைத்துக்கொள்வோம். வார்ப்படத்துக்குள் ஒளிந்துகிடக்கும் ப்ளோ ஹோல் என்னும் காற்றுப் பொத்தல், மேல்தோல் சீவப்பட்டுக் கூலி முழுவதும் செலவான பிறகே ஊசிக்கண் அளவில் தலைகாட்டும். மலிவுச் சரக்கில் நூற்றுக்குப் பத்தும் மற்றதில் ஒன்றும் இப்படிக் கழிந்தால், கழிந்தவற்றுக்கு ஃபவுண்டரிக்காரர் மாற்றுக் கொடுத்தே விட்டாலும், கடைசல் கூலியில் அங்கே 1,500 ரூபாயும் இங்கே 150 ரூபாயும் வீணாகின்றன. விலையில் மிச்சம் பிடித்த 800 ரூபாயை 1,350 ரூபாய் அதிக நஷ்டம் விழுங்கிவிடுகிறது. வேலையின்றி நின்ற லேத்தும், தவணை தப்பிய ஆர்டரும் இக்கணக்கில் இன்னும் சேரவில்லை! விலையை மட்டும் பார்த்து ஆர்டர் கொடுக்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதைத் தர நிர்வாக நிபுணர் எட்வர்ட்ஸ் டெமிங் தம் 14 விதிகளுள் நான்காவதாகவே வைத்தார். ஜப்பானியர் அவர் சொல்லுக்குச் செவிசாய்த்தனர்; நாமோ இன்னும் கொட்டேஷன் தாளின் கடைசி வரியைத் தாண்டிப் படிப்பதில்லை.

ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழ் இருந்தால் போதும் என்பது வேறொரு பிரமை. அது நிர்வாக முறைக்குச் சாட்சியே தவிர, நாளை லாரியில் வந்து இறங்கும் சரக்குக்கு உத்தரவாதமன்று. சரக்கு நேரத்துக்கு வருகிறது என்று காட்டும் சதவீதங்களையும் அப்படியே நம்பலாகாது: முதலில் ஒப்புக்கொண்ட தேதியைத் திருத்தித் திருத்திக் கடைசித் தேதியை வைத்து அளந்தால், தாமதிப்பவர் எவருமே இல்லாமற் போய்விடுவர்.

சப்ளையரை அளக்கத் துடிப்பவர்கள் தங்களையும் அளந்துகொள்ள வேண்டாமா? சிறு, குறு தொழிற்கூடங்களுக்கு 45 நாட்களுக்கு மேற்படாமல் பணம் தரவேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி தரவேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருக்கிறது. பில் பணம் மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்க, பன்றி இரும்பு வாங்கவும் வழியற்றுத் திண்டாடும் ஃபவுண்டரிக்காரரைத் தாமதத்துக்காகத் தண்டிப்பது அநியாயம். மாதந்தோறும் சப்ளையருக்கு மதிப்பெண் போடும் அதே தாளில், அவருடைய பில் வந்த தேதியையும் பணம் போய்ச் சேர்ந்த தேதியையும் கொள்முதல் அதிகாரி தம் கையாலேயே எழுதட்டும்.