கதை எழுப்பிய கோட்டை

கேள்வி: இங்கிலாந்தின் டின்டாஜெல் கோட்டையில் இடிந்த சுவர்களே எஞ்சியுள்ளன என்கிறார்களே, அது சென்று பார்க்கத் தகுந்ததா?

பதில்: அவசியம் பார்க்க வேண்டும். ஆர்தர் மன்னன் அங்கேதான் கருவில் உதித்தான் என்று 12-ஆம் நூற்றாண்டில் மான்மத் ஜெஃப்ரி எழுதிவைத்த விருத்தாந்தம் ஜனங்களின் மனத்தில் வேரூன்றிய பிறகு, அதன் கீர்த்தியால் ஆகர்ஷிக்கப்பட்டே இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றியின் சகோதரரான கார்ன்வால் பிரபு ரிச்சர்ட் 1230-களில் அக்கோட்டையைக் கட்டினார் என்று சரித்திர ஆசிரியர்கள் கருதுவதால், கதையே கோட்டைக்கு அஸ்திவாரமாயிற்று எனலாம். அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மத்தியதரைக் கடல் நாடுகளோடு வாணிபம் செய்த செல்வர்களின் வாசஸ்தலமாக அவ்விடம் விளங்கியதை, அங்கே அகழ்ந்தெடுத்த மட்பாண்ட ஓடுகள் நிரூபிக்கின்றன. கரையையும் கோட்டையின் பாறைத் திட்டையும் இணைத்திருந்த நிலப்பகுதியைச் சமுத்திரம் அரித்துவிட்டபடியால், 2019-இல் திறக்கப்பட்ட நடைபாலத்தின் வழியே செல்லலாம். அதன் இரு பாதிகளும் ஒன்றையொன்று தொடாமல், நடுவில் சிறு இடைவெளி விட்டு நிற்பதைக் கவனியுங்கள். கடல் உள்வாங்கும் வேளையை விசாரித்துக்கொண்டு சென்றால், மந்திரவாதி மெர்லின் பெயரால் வழங்கும் குகைக்குள்ளும் நடந்து வரலாம். சரித்திரமும் ஐதிகமும் இத்துணை நெருங்கிப் பிணைந்த ஸ்தலங்கள் அபூர்வம், தயங்காமல் புறப்படுங்கள்.