ரேடியோ நெல்லும் புதிய கருவிகளும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

புதிய மின்னணுக் கருவி எதுவாயினும் அதன் உள்ளமைப்பை அறிந்து கொள்வதில் எனக்குத் தணியாத ஆர்வம் உண்டு. கடைத்தெருவுக்குப் புதிய செல்போன் ஒன்று வந்துவிட்டால், அதன் நினைவகம் எவ்வளவு, காமிரா எத்தனை மெகாபிக்சல், பேட்டரி எத்தனை நாழிகை தாங்கும் என்பதையெல்லாம் வாய்ப்பாடு போல ஒப்பிப்பேன். நண்பர்கள் பலரும் இவ்வாறே. ஆயினும் ஒரு கருவியை எடைபோட இந்த எண்கள் மட்டும் போதுமா? இக்கேள்விக்கு விடை காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் தஞ்சைத் தரணியிலேயே ஒரு கருவி வயல்வரப்பு வரை வந்து, ஒரு நெல்லுக்குத் தன் பெயரையே சூட்டிய வரலாறு இருக்கிறது. ரேடியோவே அக்கருவி, 'ரேடியோ நெல்' என்பதே அந்நெல்.

வால்வும் டிரான்சிஸ்டரும்

முதலில் வந்த ரேடியோக்கள் வால்வுகளால் இயங்கின. வால்வின் உள்ளே உள்ள இழை சூடேறினால்தான் எலெக்ட்ரான்கள் வெளிப்படும். 6.3 வோல்ட்டில் 0.3 ஆம்பியர் எடுக்கும் வால்வு ஒன்றுக்குச் சூடேற்ற மட்டுமே ஏறத்தாழ 1.9 வாட் செலவாகும். அத்தகைய ஐந்து வால்வுகள் எனில் 9 வாட்டுக்கு மேல். மின்சாரம் எட்டாத சிற்றூரில் இது எளிதன்று. எனவே வால்வு ரேடியோ பெரும்பாலும் வசதி படைத்தோர் கூடத்து மேசையிலேயே வீற்றிருந்தது.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீன், பிராட்டெய்ன் ஆகியோர் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினர். அவ்விருவரும், அவர்களுடன் பணியாற்றிய ஷாக்லியும் 1956இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். 1954இல் அந்நாட்டில் விற்பனைக்கு வந்த 'ரீஜென்சி டி.ஆர்.1' என்னும் கையடக்க ரேடியோவில் நான்கே டிரான்சிஸ்டர்கள் இருந்தன. டிரான்சிஸ்டருக்குச் சூடேற்றும் இழை வேண்டுவதில்லை. 6 வோல்ட்டில் 20 மில்லியாம்பியர் எடுக்கும் ஒரு சிறு ரேடியோவுக்கு 0.12 வாட் போதும். நான்கு டார்ச் பேட்டரிகளில் அது பல நாட்கள் பாடும். இந்தியாவில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1962இல் ஜெர்மானியம் குறைகடத்திகளைத் தயாரிக்கத் தொடங்கியது.

குறையும் இல்லாமலில்லை. ஜெர்மானியம் டிரான்சிஸ்டரில் வெப்பம் ஏற ஏறக் கசிவு மின்னோட்டம் பெருகும். சித்திரை வெயிலில் கிடந்த ரேடியோவின் குரல் கரகரப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் பழுதானால் கடைத்தெரு ரேடியோ மெக்கானிக் பின்மூடியைக் கழற்றி, ஈயப் பற்று வைத்து, பழுதான உறுப்பை மட்டும் மாற்றித் தந்துவிடுவார்.

அலை வந்த வழி

திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16இல் தொடங்கப்பெற்றது. அதன் மத்திய அலை ஒலிபரப்பு பின்னாளில் 936 கிலோஹெர்ட்ஸில் அமைந்தது. ஒளியின் வேகத்தை இவ்வதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் ஏறத்தாழ 320 மீட்டர் என வரும். இவ்வளவு நீண்ட அலை பகலில் நிலத்தை ஒட்டியே பரவுகிறது. வறண்ட பாறை நிலத்தைவிட ஈரம் மிகுந்த மண் மின்சாரத்தை நன்கு கடத்துமாதலால், அதன் மேல் அலையும் வலிமை குன்றாமல் செல்லும். மேடு பள்ளம் குறைந்து, நீர் நின்ற வயல்களைக் கொண்ட காவிரிப்படுகை இதற்கு மிகவும் ஏற்ற நிலம் அன்றோ!

டிரான்சிஸ்டர் ரேடியோவினுள் இருக்கும் பெரைட் தண்டே அதன் ஏரியல். நிலையம் இருக்கும் திசைக்குக் குறுக்காக அத்தண்டு அமையும்போது ஒலி மிகும்; நேராக நீட்டினால் குறையும். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ரேடியோவை அப்படியும் இப்படியும் திருப்பி வைத்துக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் செய்தது முறையான இயற்பியலே என்பதை ஆய்வகத்தில் அறிந்தபோது பெரிதும் மகிழ்ந்தேன்.

ரேடியோ நெல்

1960இல் தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 'பேக்கேஜ் திட்டம்' என்று மக்கள் வழங்கியது இதனையே. 1922 முதல் இயங்கி வரும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம், 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்னும் குறுவை நெல்லை வெளியிட்டது. ஜப்பானிய வகையான நோரின் 10, நம் கோயம்புத்தூர் வகையான ஜி.இ.பி. 24 ஆகியவற்றின் கலப்பினம் இது. வயது ஏறத்தாழ 105 நாட்கள். ஜூனில் மேட்டூர் திறந்து, ஐப்பசி மழைக்கு முன் அறுத்து, அதே வயலில் தாளடி நடவேண்டிய உழவர்க்கு இந்த நாட்கணக்கு உயிர்க்கணக்காகும்.

புதிய விதைக்கு நாற்று எப்போது விடுவது, எத்தனை நாளில் பறிப்பது, உரம் எவ்வளவு என்பவை புதிதாகக் கற்க வேண்டியவை. இவற்றைத் திருச்சி வானொலி திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லியது. 1966இல் அங்கே பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவும் தொடங்கியது. கேட்ட உழவர்கள் அந்நெல்லை 'ரேடியோ நெல்' என்றே அழைக்கலாயினர்.

வானொலி மட்டுமே நெல்லை விளைவித்தது என்று சொல்லிவிட முடியாது. விதை, உரம், கடன், வேளாண் அலுவலர்களின் உழைப்பு எல்லாம் சேர்ந்தே விளைவித்தன. ஆயினும் பெயர் ரேடியோவுக்குக் கிடைத்தது ஏன்? எழுத்தறியாதவரும் அதைக் கேட்க முடிந்தது. அது நம் மொழியில், நம் பருவத்தைப் பற்றிப் பேசியது. என் தாத்தா பள்ளி வாசலை மிதித்தவர் அல்லர். ஆனால் நாற்றின் வயதையும் உரத்தின் அளவையும் வானொலியில் கேட்டவாறே சொல்வார்.

ஒரு பெட்டி, பல செவிகள்

கேட்டல் மட்டும் போதாது என்பதையும் அக்காலத்தார் அறிந்திருந்தனர். 1956இல் யுனெஸ்கோ உதவியுடன் பூனா வட்டாரத்தின் 150 சிற்றூர்களில் வானொலி உழவர் மன்றங்கள் அமைக்கப்பட்டன. மக்கள் கூடி ஒலிபரப்பைக் கேட்டு, விவாதித்து, தம் ஐயங்களை நிலையத்துக்கு எழுதினர். 'கேள், கலந்து பேசு, செயல்படு' என்பதே அம்மன்றங்களின் நெறி. நம் பக்கத்திலும் பஞ்சாயத்து ரேடியோவின் கீழும் திண்ணையிலும் ஒரு பெட்டிக்குப் பல செவிகள் இருந்தன. ஒருவர் கேட்டது தவறெனில் மற்றவர் திருத்துவார்.

இன்றைய கருவிகளும் நாமும்

1954இன் ரேடியோவில் 4 டிரான்சிஸ்டர்கள். 2023இல் வெளிவந்த ஆப்பிள் ஏ17 புரோ சில்லில் 1900 கோடி! இவ்வளர்ச்சியைக் கண்டு வியக்காதிருக்க இயலாது. உழவர்க்கெனவும் முயற்சிகள் நடந்துள்ளன. 2004இல் 1551 என்னும் எண்ணுடன் கிசான் அழைப்பு மையமும், 2018இல் தமிழக அரசின் 'உழவன்' செயலியும் வந்தன. ஆயினும் எங்கள் வீட்டில், மழை எச்சரிக்கை குறுஞ்செய்தியாக வந்தால் அப்பா செல்போனை என்னிடம் நீட்டி, "என்னப்பா போட்டிருக்கு, படி" என்கிறார். நான் விடுதியில் இருக்கும் நாட்களில் அது படிக்கப்படாமலே கிடக்கிறது. மழையோ காத்திருப்பதில்லை. 1900 கோடி டிரான்சிஸ்டர்களால் இயலாததை அன்றைய சில டிரான்சிஸ்டர்கள் செய்தன எனில், குறை சில்லில் இல்லை. செய்தியை அனுப்பும் முறையில்தான் உள்ளது.

எனவே, புதிய கருவி ஒன்றைக் காணும்போது அதன் எண்களோடு பின்வருவனவற்றையும் கேட்டுப் பார்க்கலாம் என்பது என் கருத்து.

1. நமக்குத் தேவையானதை அது நம் மொழியில் சொல்கிறதா?

2. எழுத்தறியாதவரும் பிறர் துணையின்றிப் பயன்படுத்த முடியுமா?

3. வெயில், தூசி, மின்வெட்டு ஆகியவற்றைத் தாங்குமா?

4. பழுதானால் நம் ஊரிலேயே சரி செய்ய இயலுமா?

அறிவியல் மாணவர்களாகிய நமக்கு இதில் கடமை ஒன்று உண்டு. எழுத்தைக் குரலாக்கும் வசதி இன்று செல்போன்களிலேயே இருக்கிறது. அதைப் பெற்றோருக்கு அமைத்துத் தரலாம். விடுமுறையில் ஊர் செல்லும்போது, வானிலை அறிவிப்பையும் வேளாண் குறிப்பையும் நம் வட்டார வழக்கில் பேசிப் பதிவு செய்து, தெருவிலுள்ள அனைவருக்கும் அனுப்பலாம். இயற்பியல், தாவரவியல், தமிழ்த் துறைகள் இணைந்தால் இதை ஒரு குறுவைப் பருவத்திற்குச் செய்து பார்க்க இயலும். பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டுவார்களாயின், வரும் ஜூன் மாதமே தொடங்கலாம்.