பந்தய டயர் கேட்டு வரும் வாடிக்கையாளர்

மாவனல்லையில் கண்டி வீதியோரமாக டயர்க் கடை வைத்திருப்பவன் நான். இந்தப் பக்கத்தில் வழமையாகக் கடன், செக், கணக்குப் புத்தகம் பற்றியே எழுதுவார்கள். இம்முறை நான் எழுதப்போவது ஒரே ஒரு சாமானைப் பற்றி. வருடத்துக்கு நாலைந்து பேர்தான் அதைக் கேட்டு வருவார்கள். ஆனாலும் எனது 22 வருட வியாபாரத்தில் மிக நல்ல வாடிக்கையாளர் ஒருவரை நான் இழந்தது அந்தச் சாமானால்தான்.

அவர் மூன்று லொறி வைத்திருக்கும் வியாபாரி. ஒருநாள் அவருடைய மகன் தனது பழைய ஹொண்டா சிவிக்கோடு வந்தான். விமான ஓடுபாதை ஒன்றில் கால் மைல் ஓட்டம் இருக்கிறதாம். நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு நேராக 402 மீற்றர் ஓட வேண்டும். அமெரிக்காவில் இது பெரிய விளையாட்டு. அங்கே அதற்கென்று 1951 இலேயே சங்கம் அமைத்து, தனிப் பாதை, தனி டயர் என்று வளர்த்துவிட்டார்கள். "சாதா டயர் இழுவையில் சுத்துது நானா, பிடிக்கிற டயர் வேணும்" என்றான். பஞ்சிகாவத்தையில் தெரிந்த ஒருவர் மூலம் மிருதுவான டயர் இரண்டை எடுத்து முன் சக்கரங்களில் பூட்டிக் கொடுத்தேன். நல்ல இலாபம். வேறு ஒன்றும் நான் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை.

ஓட்டம் முடிந்து இரவில் அதே டயரோடு வீடு திரும்பியிருக்கிறான். கேகாலை தாண்டியதும் நல்ல மழை. ஒரு வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி நேராகவே போய் வீதியோர வடிகானில் விழுந்தது. பிள்ளைக்குக் காயமில்லை, முன்பக்கம் முழுதும் போய்விட்டது. அடுத்த நாள் வாப்பா வந்தார். சண்டை பிடிக்கவில்லை. "நானா, மழைக்கு இது ஆகாதென்டு மகனுக்குச் சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. திருத்தச் செலவில் பாதியைத் தருகிறேன் என்றேன், வாங்கவில்லை. அந்த மாதத்திலிருந்து லொறி டயர் வேறு கடைக்குப் போனது.

அதன் பிறகுதான் இந்தச் சாமானை ஒழுங்காகப் படித்தேன்.

முதலில் டயரின் பக்கச் சுவரை வாசிக்கப் பழக வேண்டும். அமெரிக்கச் சந்தைக்கும் செய்யப்படும் கார் டயர்களில் 'டிரெட்வெயார்' என்று ஓர் எண் இருக்கும். 100 என்பது சோதனைக்கான ஒப்பீட்டு டயர். 300 என்றால் அதைவிட மூன்று மடங்கு மெதுவாகத் தேய்கிறது என்று பொருள். குடும்பக் கார்களில் 300, 400, அதற்கு மேலும் காணலாம். 200 உம் அதற்குக் கீழும் மிருதுவானவை. நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். இந்த எண்ணைக் கம்பனிகளே சோதித்துப் போடுவதால் ஒரு கம்பனியின் 200 ஐ இன்னொன்றின் 200 உடன் சரிக்குச் சரி வைத்துப் பார்க்க முடியாது. அடுத்தது திகதி. நாலு இலக்கத்தில் 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். பழைய டயர் இறுகிப்போகும், மிருதுவானது அதைவிட விரைவாக. மலிவாகக் கிடைக்கிறதென்று ஐந்தாறு வருடப் பழைய பந்தய டயரை வாங்கினால், பந்தயத்துக்கும் உதவாது, வீதிக்கும் உதவாது.

மூன்று வகை உண்டு. ஒன்று சாதா வீதி டயர். இரண்டாவது, பெயருக்குச் சில கோடுகள் வெட்டிய, மிக மிருதுவான இழுவை டயர். 'டிராக் ரேடியல்' என்பார்கள். மூன்றாவது கோடே இல்லாத 'ஸ்லிக்'. இது வீதிக்குரியதே அல்ல. இரண்டாவது வகைதான் ஆபத்து. அமெரிக்காவில் வீதியில் ஓட அனுமதியுள்ள டயர் என்பதால், மழைக்கும் சரி என்று ஆட்கள் நினைத்துவிடுகிறார்கள். கோடு குறைவென்றால் தண்ணீருக்கு வெளியேற வழியில்லை, டயர் அதன் மேல் மிதக்கும். எங்கள் பையனுக்கு நடந்தது அதுதான்.

நமது ஊர்க் கார்களில் பெரும்பாலானவை முன் சக்கர இழுவை. புறப்படும்போது பாரம் பின்னே சாய்வதால், இழுக்கும் சக்கரத்தின் பிடி குறைகிறது. ஆகவே நல்ல டயர் முன்னுக்குப் போக வேண்டும் என்பது உண்மைதான். ஓட்டத்துக்கு முன் முன் டயரில் காற்றைக் குறைப்பார்கள். சாதா டயரில் 30 இறாத்தலிலிருந்து நாலைந்து குறைத்தால் போதும். அதற்கும் கீழே இறக்கினால் நடுப்பகுதி மேலெழுந்து ஓரங்கள் மட்டும் நிலத்தைத் தொடும். இழுவை டயரின் சுவர் மெல்லியது, 20 ஐ ஒட்டி ஓடுவார்கள். ஸ்லிக் அதைவிடக் குறைவு. வெள்ளைச் சப்பாத்து மையை டயருக்குக் குறுக்கே பூசி ஒருதரம் ஓடிப் பார்த்தால், எங்கே தேய்கிறது என்பது தெரிந்துவிடும். ஓர் இறாத்தல் கூட்டியும் குறைத்தும் சரிபண்ணலாம். வீடு திரும்ப முன் காற்றைத் திரும்ப நிரப்ப வேண்டும். நான் இப்போது சிறிய பம்பு ஒன்றையும் சேர்த்தே விற்கிறேன்.

சூடாக்குவதைப் பற்றித்தான் அதிகம் தவறான கதைகள். படத்தில் காண்பது போல் புகை மண்டலம் கிளப்புவது வீரம் என்று பையன்கள் நினைக்கிறார்கள். ஸ்லிக்குக்கு அது தேவை: மேல்படையைச் சூடாக்கி, ஒட்டும் தன்மையை வரவழைக்க வேண்டும். அதற்கு நனைந்த இடத்தில் சக்கரத்தைச் சுழற்றி, நனையாத இடத்துக்கு வந்து மெல்லிய புகை எழும் வரை விடுவார்கள். இழுவை டயருக்கு இரண்டு மூன்று விநாடி, புகை தெரியத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். சாதா டயரை அப்படிச் சூடாக்கினால் அதன் மேல்படை எண்ணெய் கசிந்து வழுக்கும். கோடுள்ள டயர் நனைந்த இடத்துக்குள்ளே போகவும் கூடாது. கோடுகளில் ஏறிய தண்ணீரைப் புறப்படும் இடம் வரை கொண்டுபோய்ச் சொட்டும். சுற்றிப் போய், கல்லும் தூசியும் உதிர ஒருமுறை சுழற்றினால் போதும். வரிசையில் நிற்கும்போது வெயில் ஒரு பக்க டயரில் மட்டும் பட்டால் அந்தப் பக்கக் காற்று ஏறிவிடும். பழைய சாரம் ஒன்றைப் போட்டு மூடுங்கள்.

முன் இழுவைக் காரில் கைபிரேக்கை இழுத்துக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றுவார்கள். அதுவும் மெனுவல் கியர் வண்டியில்தான். அக்வா, வெசல் வைத்துக்கொண்டு இதை முயல்பவர்களும் இருக்கிறார்கள்! அந்த கியர்பெட்டியின் விலையை முதலில் விசாரித்துவிட்டு முயலட்டும்.

வியாபாரத்துக்கு வருகிறேன். இந்த டயரை நான் இருப்பில் வைப்பதில்லை. அலுமாரியிலேயே வயது போகும் சாமானில் காசைப் போடுவது சரியல்ல. பாதிக் காசை முற்பணமாக வாங்கிக்கொண்டுதான் ஓடர் கொடுப்பேன். பூட்ட முன் மூன்று கேள்வி கேட்பேன்: எங்கே ஓடப் போகிறாய், எதில் வீடு திரும்புவாய், பின் டயர் எந்த வருடத்தியது? பாதுகாப்பான இடத்தில் ஒழுங்கு செய்த ஓட்டம் இல்லை, இரவில் வீதியில்தான் என்றால் சாமான் கிடையாது. இப்படி இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒருவர் என்னைத் திட்டிவிட்டுப் போனார். பில்லில் "மழைக்கும் பொது வீதிக்கும் உகந்ததல்ல" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி கையொப்பம் வாங்குகிறேன்.

வேறு இரண்டு ரிம் வாங்கச் சொல்வதும் வழக்கம். பந்தய டயரை அதில் பூட்டி, வண்டிக்குள் போட்டுக்கொண்டு போய், அங்கே மாற்றி ஓடிவிட்டு, திரும்பக் கழற்றிவிட்டு வரலாம். பாவித்த ரிம் என்றால் அதிக செலவில்லை. எனக்கும் இரண்டு சாமான் விற்கிறது.

அந்தப் பையன் ஒரு வருடத்துக்குப் பிறகு வந்தான். பாவித்த ரிம் இரண்டும், 200 எண் டயர் இரண்டும் எடுத்தான். பூட்டும்போது திகதியை அவனே வாசித்துப் பார்த்தான். வாப்பாவின் லொறிகள் இன்னும் மற்றக் கடையில்தான் டயர் போடுகின்றன. போன மாதம் காருக்கு மட்டும் காற்றுப் பார்க்க வந்தார்.