பள்ளி அணியில் நெடுந்தூர ஓட்டம்: புதியவர்களுக்கு

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் கிராஸ் கன்ட்ரி ஓட்டம் பெரும்பாலும் இலையுதிர்காலத்து விளையாட்டு. புல்வெளி, மண்பாதை, மேடுபள்ளம் என்று செல்லும் பந்தயத் தூரம் வழக்கமாக 5 கிலோமீட்டர். அணிக்கு 7 பேர் ஓடுவார்கள். அவர்களில் முந்தி வரும் 5 பேரின் இடங்களைக் கூட்டினால் எந்த அணிக்குக் குறைந்த எண் வருகிறதோ அதுவே வெல்லும். ஆகவே முதலில் வருபவரைப் போலவே ஐந்தாவதாக வருபவரும் அணிக்கு முக்கியம். வேகம் குறைந்த மாணவருக்கும் ஓட்டத்தின் மீது பிடிப்பு உண்டாக இது நல்ல காரணம்.

தொடக்கத்தில் ஓட்டம் கசந்துபோவது பெரும்பாலும் அவசரத்தால்தான். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகமே பெரும்பாலான பயிற்சி நாட்களுக்குப் போதும். மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் வேகத்தைக் குறைக்கலாம்; நடுவே நடப்பதும் தவறில்லை. கோடை விடுமுறையிலேயே தொடங்கி, தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி வரும் வாய்ப்பு குறையும். எலும்பில் ஒரே இடத்தில் வலி நீடித்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடினால் அது எலும்புக் கீறலில் முடியலாம்.

பதின்வயதினருக்கு இரவில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. எடை குறைந்தால் வேகம் கூடும் என்று நினைத்து உணவைக் குறைக்கவே கூடாது. மாணவிகளுக்கு மாதவிடாய் தவறினால், போதிய உணவின்மை அதற்குக் காரணமாக இருக்கலாம். தயங்காமல் வீட்டிலும் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும்.

ஆணிக் காலணி பந்தயத்துக்குத்தான். அன்றாடப் பயிற்சிக்கு மெத்தென்ற ஓட்டக் காலணியே ஏற்றது. பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில் போட்டுப் பார்த்து வாங்கலாம்.